கட்டுத் துணி கட்டிய வாத்து

மன்னிப்பைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். அதைப் பற்றி அங்கே வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது. இது நான் பழி வாங்கிய கதை. பாதி வாங்கினேன். மீதிப் பாதி கையை விட்டுப் போய்விட்டது.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம். நாங்கள் மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகிற சடக்கு ரோட்டில் ஒரு புகைக் கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் வேலை பார்த்தார். நான் வீட்டில் வாத்து வளர்த்தேன். சாதாரண வாத்து இல்லை, செராத்தி. முகமெல்லாம் சிவப்பாக மரு மருவாக இருக்கும். கத்தத் தெரியாது, புஸ்ஸென்று மூச்சு மட்டும் விடும். டவுனில் இருக்கிற வேதக்காரக் குடும்பங்களுக்கும் போர்த்துகீசுக்காரர்களுக்கும் கிறிஸ்துமஸ் கறிக்குச் செராத்திதான் வேண்டும். கடுகும் மிளகாயும் அரைத்து வினிகர் ஊற்றிக் கொதிக்க விட்டால் மற்ற வாத்தெல்லாம் நாராகிவிடும், இது மட்டும் தாங்கும்.

ஊரே பாடாங் மைதானத்தில் கொடியேற்றம் பார்க்கப் போயிருந்தபோது நான் கூட்டுக்குள் தலையை விட்டு முட்டை பொரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் பொரித்தால்தான் டிசம்பரில் சதை பிடிக்கும். நத்தை பொறுக்குவது, தேங்காய்ச் சக்கை வாங்கிவருவது, நொய் வேகவைப்பது, கூட்டைக் கழுவுவது என்று நான்கு மாதம் என் இடுப்பு ஒடிந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால் வருகிற ஆகமன காலத்து முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் வாடிக்கைக்காரர்கள் வருவார்கள். வாத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள், நெஞ்சை அழுத்திப் பார்ப்பார்கள், பிடித்ததைத் தேர்ந்து அதன் காலில் தங்கள் வீட்டுத் துணியில் ஒரு கிழிசலைக் கட்டிவிட்டுப் போவார்கள். பூப்போட்ட பாத்தேக் ஒரு வீடு, பச்சைச் சட்டைத் துணி ஒரு வீடு. கட்டிவிட்டால் அது அவர்கள் வாத்து. அதற்குப் பிறகு செத்துப்போனாலும் அவர்கள் வாத்துதான் செத்துப்போனது. இதில் ஒருநாளும் சண்டை வந்தது கிடையாது.

வாடிக்கையில் சேராத ஓர் ஆள் இருந்தார். எங்கள் கோயில்காரர், சர்க்கார் ஆஸ்பத்திரியில் டிரசர். டிரசர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. டாக்டருக்கு அடுத்த படி. காயம் கட்டுவது, ஊசி போடுவது, மருந்து கலக்குவது, யார் டாக்டரைப் பார்க்கலாம், யார் பார்க்காமலே வீட்டுக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர்தான். வருடா வருடம் இரண்டு வாத்து அவருக்குச் சும்மா போகும். கேட்டு வாங்குகிறார் என்றும் சொல்ல முடியாது, நாங்களாகக் கொடுக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. மழை பெய்தால் கூரை ஒழுகுகிற மாதிரி அதுபாட்டுக்குப் போகும்.

அந்த வருடம் நவம்பர் பாதியில் என் வீட்டுக்காரர் வாத்துக் கூட்டுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். வெறுங்கால். ஒரு சிலாம்பு வலது காலில் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து நான் தள்ளிக்கொண்டு போனேன். விடியற்காலையில் கிளம்பினால்தான் நம்பர் கிடைக்கும். வட்டமாக வெட்டிய தகரத்தில் நம்பர் அடித்துக் கொடுப்பார்கள். ஐம்பது வில்லைதான் இருக்கும். ஐம்பத்தொன்றாவது ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் நாளைக்குத்தான் வர வேண்டும். மருந்துக்குப் போத்தல் நாமே கொண்டுபோக வேண்டும். முதல் நாள் நான் கொண்டுபோன போத்தலுக்கு மூடி இல்லை.

டிரசர் தலையை நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டே, "மூடி இல்லாத போத்தல்ல மருந்து ஊத்த மாட்டோம். போய் எடுத்துட்டு வாங்க" என்றார்.

"அண்ணே, நாந்தான். காஜா பெராங்."

"தெரியுது தங்கச்சி. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான."

வீட்டுக்கு நடந்துபோய் மூடி எடுத்து வந்தேன். அதற்குள் நம்பர் தாண்டிவிட்டது. மறுநாள் மறுபடியும் தள்ளிக்கொண்டு போனேன். கட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை, மேலாகப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் கொஞ்சம், குடிக்க வெள்ளை மருந்து ஒரு போத்தல். "கட்டுத் துணி ஸ்டாக் இல்ல. வீட்டுல பழைய வேட்டி இருந்தா கிழிச்சிக் கட்டுங்க. அடுத்த வாரம் வாங்க."

அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். இருமுவது கேட்கும், நாற்காலி நகர்வது கேட்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, எங்கள் பூசாரி சாமி இருக்கிற திசையையே காட்ட மாட்டார். டாக்டரைப் பார்க்க அவர் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். வாரா வாரம் கேட்டேன். "இந்தச் சின்னப் புண்ணுக்கா தொரயப் போய்த் தொந்தரவு பண்றது?" என்பார். அதே மஞ்சள் தண்ணீர், அதே வெள்ளை மருந்து. என் வீட்டுக்காரர் பாதி ஆளாகிவிட்டார். ராத்திரி பகல் தாகம். "ஒடம்புல ரத்தம் இல்ல, வேற ஒண்ணும் இல்ல. பச்சப் பயறு கஞ்சியில குலா மலாக்கா நெறயாப் போட்டுக் குடுங்க, தேறிருவாரு" என்றார் டிரசர். நானும் பனைவெல்லம் போல இருக்கிற அந்தத் தென்னை வெல்லத்தைக் கட்டி கட்டியாகக் கரைத்து, மூன்று வேளையும் என் கையால் ஊட்டினேன். இதை எழுதும்போதுகூட என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன மலாக்காச் செட்டி அம்மாள் ஒருத்தி இருந்தாள். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போடுகிற கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எங்கள் கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் இருந்தது; அவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு போக முடியாமல் என் வீட்டுக்காரர் வாழைமரத்தடியிலேயே ஒன்றுக்குப் போய்விடுவார். ஒருநாள் காலை அந்த அம்மாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். வாழைமரத்தடியில் எறும்பு அப்படியே கருப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது.

"கென்சிங் மானிஸ்" என்றாள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அவளுடைய புருஷனுக்கும் இப்படித்தான் எறும்பு வந்ததாம். வெல்லத்தை நிறுத்து, டாக்டரிடம் ஓடு என்று மலாயில் அடித்துக்கொண்டாள்.

நான் ஓடினேன். பெஞ்சில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, டிரசரிடம் எறும்பு விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையாக அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் தங்கச்சி, எறும்புதான் டெஸ்ட் எடுத்துச்சா? அப்ப எறும்புகிட்டயே மருந்து வாங்கிக்க வேண்டியதுதான லா!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களைப் போலவே விடியற்காலையில் வந்து, எங்களைப் போலவே போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஜனங்கள். அவர்களையும் நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரரும் சங்கடத்தில் சேர்ந்து சிரித்தார். வெள்ளை மருந்தை வாங்கிக்கொண்டு வந்தோம். அன்றைக்கே வெல்லத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் புண் நிற்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, வீக்கம் கணுக்காலுக்கு ஏறியது. அந்தக் காலைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆகமன காலத்து முதல் ஞாயிறு கழிந்து பத்து நாளில் டிரசர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

என் வீட்டுக்காரர் வாசலில் பலகையில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். வேட்டிக் கிழிசலில் நீர் கசிந்து ஈ மொய்த்தது. "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஆச்சி ஆச்சி. நீங்க உக்காருங்க." அந்தக் காலைத் தாண்டித்தான் கொல்லைக்கு வர வேண்டும். சட்டை முனை படாமல் ஒதுங்கித் தாண்டி வந்தார். குனிந்து ஒரு தடவை பார்க்கவில்லை.

"இந்தத் தடவ ரெண்டு பத்தாது தங்கச்சி, மூணு" என்றார். "கிறிஸ்மஸ் அன்னிக்கி மத்தியானம் தொர நம்ம வீட்டுல சாப்பிட வர்றாரு. பெப்ரவரில சீமைக்குப் போயிருவாரு. போறதுக்கு முன்னால நல்லதா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாருன்னா பெரிய டிரசர் எடம் நமக்குத்தான். இனிமே நம்ம ராஜ்ஜியம்தான லா!"

இருந்ததிலேயே பெரிய மூன்று சேவல் வாத்துகளைப் பொறுக்கினார். அடையாளம் கட்ட வேண்டும் அல்லவா? சட்டைப் பையில் கையை விட்டார். நீலத் தாள் சுற்றிய, பிரிக்காத புத்தம்புது கட்டுத் துணி ஒரு சுருள் வெளியே வந்தது. தாளைக் கிழித்தார், சின்னக் கத்தரிக்கோலால் மூன்று துண்டு வெட்டினார், மூன்று வாத்தின் காலிலும் கட்டினார். மீதிச் சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, அந்தத் துணி இவரு காலுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆஸ்பத்திரி விஷயம் ஆஸ்பத்திரியில பேசிக்கலாம் தங்கச்சி."

சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போய்விட்டார். என் வீட்டில் வாத்துகளின் காலில் புதுக் கட்டு. மனுஷன் காலில் பழைய வேட்டி. இந்த ஆளை இந்தக் கிறிஸ்துமஸ் தாண்ட விடுவதில்லை என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். வாத்துக்குத் தீனி போடும்போது, கேக்குக்கு முட்டை அடிக்கும்போது, செபமாலை உருட்டும்போது, எப்போதும் அதே யோசனைதான். அந்த மூன்று சேவலுக்கும் நான் காட்டிய கவனிப்பைப் பார்த்து செட்டி அம்மாளே ஆச்சரியப்பட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே வாடிக்கைக்காரர்கள் வந்து அவரவர் துணியைப் பார்த்து வாத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பால் டின் மூடி ஒன்றை எடுத்து, ஆணியால் குத்திக் குத்தி ஒரு நம்பர் போட்டு வைத்திருந்தேன். மூன்று மணிக்கு டிரசர் ஒரு பெரிய மூங்கில் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னா தங்கச்சி, நேரமாச்சி. வாத்தப் புடிங்க."

"நம்பர் வாங்கிக்குங்கண்ணே" என்று மூடியைக் கொடுத்தேன். ஐம்பத்தொன்று.

சிரித்தார். கிறிஸ்துமஸ் விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "சரி சரி. எங்க உக்காரணும்?"

பலகையைக் காட்டினேன். உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய் மசாலா அரைத்தேன். அவசரமே படாமல், மஞ்சளைத் தனியாக, மிளகாயைத் தனியாக அரைத்தேன். அவருக்குப் பிறகு வந்த இரண்டு வாடிக்கைக்காரர்களுக்கு வாத்தைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினேன். அரை மணிக்கு மேல் ஆனதும் எழுந்து வந்தார்.

"தங்கச்சி..."

"நம்பர் கூப்பிட்டனா?" நான் தலையை நிமிர்த்தவில்லை. அம்மியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "கூட கொண்டாந்தீங்களா?"

"இந்தா இருக்கே."

"மூடி?"

"கூடைக்கு என்னாத்துக்கு மூடி?"

"மூடி இல்லாத கூடையில வாத்து குடுக்கிறதில்ல. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானண்ணே. போய் எடுத்துட்டு வாங்க."

இப்போது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் கறுத்தது. ஆனாலும் போனார்! அவருக்கு அந்த வாத்து அவ்வளவு வேண்டியிருந்தது. வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், எங்கிருந்தோ ஒரு மூடியைக் கொண்டுவந்தார். கஞ்சி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. செட்டி அம்மாள் வேலியில் சாய்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"மணி அஞ்சாச்சி" என்றேன். "இன்னிக்கி அம்பது பேரோட முடிஞ்சி போச்சி. நாளைக்கு வாங்க."

"நாளைக்கிக் கிறிஸ்மஸ்!"

"அப்ப அடுத்த வாரம் வாங்க."

என் ஆயுளில் அந்த வாக்கியம் மாதிரி ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. அவர் கத்தினார். சாபம் விட்டார். பிறகு குரலை இறக்கினார். "தங்கச்சி, வெளையாடாதீங்க. தொர வர்றாரு. டவுன்ல ஒரு எடத்துல வாத்து இல்ல, தேடிப் பாத்துட்டேன். சரி, ஒங்களுக்குச் சீட்டுதான வேணும்? லீவு முடிஞ்சதும் எழுதித் தர்றேன். வாத்தக் குடுங்க."

ஐந்து வாரம் கிடைக்காத சீட்டு மூன்று வாத்துக்குக் கிடைக்குமாம். "இப்பவே எழுதுங்க" என்றேன்.

"சீட்டுத் தாளு ஆஸ்பத்திரியில இருக்கு."

"அப்ப வாத்தும் அடுத்த வாரம்தான்."

உள்ளே பாயிலிருந்து என் வீட்டுக்காரர், "குடுத்துரு புள்ள. குடுத்துத் தொலச்சிரு. அவரப் பகச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறோம்?" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். எனக்குக் காது கேட்காமல் இல்லை. கேட்டும் கொடுக்கவில்லை. டிரசர் வெறும் கூடையைச் சைக்கிளில் கட்டினார். "ஆஸ்பத்திரிக்கு வருவீங்கல்ல? பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் முதுகைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அரை மணி நேரம் நீடித்தது. மூன்று வாத்தின் காலிலிருந்தும் கட்டுத் துணியை அவிழ்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அடுப்பு மேல் காய வைத்து, என் வீட்டுக்காரர் காலில் கட்டப் போனேன். வேட்டிக் கிழிசலைப் பிரித்தால், இரண்டு விரல் கரிக்கட்டை மாதிரி இருந்தது. தொட்டேன். தெரியவில்லை என்றார். நாற்றம் குப்பென்று வந்தது. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. சீட்டு எழுதக்கூடிய ஒரே கையை வாசலில் வைத்து அவமானப்படுத்தி அனுப்பியிருந்தேன். என் பழிக்கு அவருடைய காலைப் பணயம் வைத்துவிட்டேன்.

பொழுது விடிந்ததும் ஒரு டிரைஷாவை, சைக்கிள் ரிக்‌ஷாவை, கூட்டிவந்து அவரை ஏற்றினேன். பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு சேவலைக் கால் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. புதுச் சட்டை போட்ட ஜனங்கள் எல்லாம் எதிரே வந்தார்கள். நாங்கள் டாக்டர் பங்களாவுக்குப் போனோம்.

சமையற்காரச் சீனன் வாத்தைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போகச் சொன்னான். நான் போகவில்லை, முன்வாசலிலேயே நின்று கத்தினேன். டாக்டர் காலைக் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். வாத்தை அவர் பார்க்கவே இல்லை. மூக்கைச் சுளித்தார், கோப்பையைப் படியில் வைத்தார், டிரைஷாப் பக்கம் போய் மண்ணில் மண்டியிட்டுக் கட்டைப் பிரித்தார்.

எத்தனை நாள் என்று மலாயில் கேட்டார். ஐந்து வாரம் என்றேன்.

"ஐந்து வாரம் என்னிடம் ஏன் வரவில்லை?"

"சீட்டு கிடைக்கவில்லை, துவான்."

"என்ன சீட்டு?"

சொன்னேன். அப்படி ஒரு சீட்டே கிடையாது என்றார். யார் வேண்டுமானாலும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வரலாம், அதற்குத்தான் தினமும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். ஒரு முழப் பச்சைத் துணி. அதற்கு முன்னால் ஐந்து வாரம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான், வாத்து மாதிரி வாயை மூடிக்கொண்டு.

யார் அந்த டிரசர் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். நான் பெயரைச் சொன்னேன். அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். இன்றைக்கு மத்தியானம் நீங்கள் சாப்பிடப் போகிற வீடுதான் துவான் என்றும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருடைய நீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரு நீல மருந்து ஊற்றி, நெருப்பில் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் செங்கல் நிறமாக மாறியது. கால் டம்ளர் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எறும்பு சொன்னது சரிதான். மூன்று வாரம் முன்னால் என்றால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். மத்தியானம் அவரே நின்று பாதத்தின் முன்பாதியை வெட்டி எடுத்தார்.

டிரசர் வீட்டில் மூன்று குடும்பத்திலிருந்து பீங்கான் தட்டு இரவல் வாங்கி மேசை போட்டிருந்தார்களாம். வாத்துக்குப் பதிலாகச் சீனன் கடைக் கோழி. மூன்று மணி வரைக்கும் ஈ ஓட்டிக்கொண்டு காத்திருந்தார்களாம். துரை வரவில்லை. அந்த நேரத்தில் துரை என் புருஷன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். கோயில்காரப் பெண்ணொருத்தி வந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. பாதிக் கால் போன வீட்டில் இருக்கக் கூடாத சந்தோஷம். இருந்தது.

டாக்டர் அதோடு விடவில்லை. புது வருடம் பிறந்ததும் விசாரணை வைத்தார். கிராணி, ஆஸ்பத்திரிக் குமாஸ்தா ஒருவர், பெரிய நோட்டோடு வார்டுக்கு வந்தார். நான் முந்தின நாளே சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். மூடி, வெல்லக் கஞ்சி, எறும்பு, கட்டுத் துணி எல்லாவற்றையும் வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். முதலில் நோயாளியைக் கேட்க வேண்டும் என்றார் கிராணி.

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க தப்புதாங்க. வீட்டுலயே வைத்தியம் பாத்துட்டு லேட்டா வந்துட்டோம். டிரசர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

"பொய்!" என்று கத்தினேன். மற்ற நோயாளிகள் எழுந்து பார்த்தார்கள். வார்டில் சத்தம் போடக் கூடாது என்று நர்ஸ் என்னை வராந்தாவில் கொண்டுபோய் விட்டாள். கிராணி எழுதிக்கொண்டார், என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர்கள் போனதும் உள்ளே வந்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எந்தப் பெண்ணும் கட்டிலில் கிடக்கிற புருஷனைப் பார்த்துப் பேசியிருக்க மாட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒன்று சொன்னார். "தொர அடுத்த மாசம் கப்பல் ஏறிருவாரு புள்ள. நாளைக்கிக் காலையில வந்து என் கட்டப் பிரிக்கிறது யாரு? அவருதான. நான் அவரு கையிலதான படுத்துக் கெடக்கறேன்."

விசாரணை மூடப்பட்டது. டாக்டர் சீமைக்குப் போனார். அடுத்த வருடம் எங்கள் டிரசர் பெரிய டிரசர் ஆனார். யார் லெட்டர் கொடுத்தார்களோ தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் காலையைப் பற்றி. டிரசர் தட்டோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டின் மேல் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைத்தார். ஒட்டியிருந்த துணியை இழுக்கவில்லை, ஓரத்திலிருந்து மெதுவாக உருட்டி உருட்டி எடுத்தார். குனிந்து மோந்து பார்த்தார். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். கெண்டைக்கால் வரைக்கும் விரலால் அழுத்தி அழுத்தி, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு, காலையில் எடுத்த நீரைச் சூடு காட்டினாயா, என்ன நிறம் வந்தது என்று அதட்டினார். புது வெள்ளைத் துணியால் ஒரு சுருக்கம் விழாமல் கட்டினார். என் வீட்டுக்காரருக்கு வலிக்கவே இல்லை. "நல்ல கைண்ணே ஒங்களுக்கு" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஆள் ஒன்றும் தெரியாதவன், அரைகுறை, கண்மூடித்தனமாக மருந்து ஊற்றுகிறவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் ஒருவேளை என் கோபம் என்றைக்காவது ஆறியிருக்கும்.

பத்து வருடம் முன்னால் டிரசர் செத்துப்போனார். கோயில் கொள்ளாத கூட்டம். கைராசிக்காரர், அவர் தொட்டால் புண் ஆறும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். "ஆமாம், ரொம்ப நல்ல கை" என்றேன். அது பொய் இல்லை. அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஐந்து வாரமும் தெரிந்திருந்தது.